இரண்டாவது சொட்டுக்கு முன்

ரெண்டு வருஷமாய்
பனி விலகவில்லை என்றுதான் சொல்லிவந்தேன்.
முற்றலையும் கொழுந்தையும் ஒன்றாய்க் கிள்ளி
கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய அன்றும்
பனியைத்தான் சொன்னேன்.
சித்திரை வெயிலில்கூடச் சொன்னேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில்
இருபது நிமிஷ வேலை.
மறுநாள் கட்டு அவிழ்த்த நர்ஸ் நோனாவுக்குத்
தமிழ் கொஞ்சம்.
தண்ணி எப்பா, தூசி எப்பா,
கசக்க எப்பா, குனிய எப்பா,
கூடை எப்பா, அடுப்புப் புகை எப்பா.
வேண்டாம் என்பதை மட்டும்
அவள் மொழியிலேயே விட்டுவிட்டாள்.
நோவெடுத்தால், சிவந்தால், பார்வை மங்கினால்
விடியட்டும் என்று இருக்காதே, உடனே வா.
அதை முழுத் தமிழில் சொன்னாள்.

காம்பராவுக்கு வந்தால்
சுவர் நீலம்.
பச்சை என்று நினைத்துத்தான்
போன பொங்கலுக்கு நானே வாளியில் கலக்கினேன்.
லயத்தில் ஒருத்தரும்
ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

இப்போது சோறாக்குவது அவர்.
குழைந்த சோறு, கல் பொறுக்காத பருப்பு.
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
இஸ்தோப்பில் நான்.
மலைக்கு ஏறுகிற மருதாயியும் பிலோமினாவும்
‘சினிமாக்காரி’ என்று கத்திவிட்டுப் போகிறார்கள்.
பேர் விழாத நாட்களை விரலில் எண்ணி
விரல் போதாமல் விட்டுவிட்டேன்.

ராத்திரி
கண்மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி.
தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் எழுப்பட்டும் என்று
அவர் மணிக்கட்டில் என் முந்தானையை முடிந்துகொண்டேன்.
கல்யாணத்தன்றுகூட இத்தனை இறுக்கமாய் முடியவில்லை.

நாளுக்கு நாலு தரம் மருந்து.
சிவப்பு மூடி முதலில்,
ஐந்து நிமிஷம் கழித்து வெள்ளை மூடி.
கீழிமையை இழுக்கணும், குப்பி முனை படக்கூடாது.
முதல் சொட்டு கன்னத்தில்,
அடுத்தது காதுக்குள்.
‘உரம் வீசுன கைக்கு
சொட்டுப் போட வருமா?’ என்று ஏசினேன்.
அவர் பேசவில்லை.
மூடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள்
கூரைத் தகரத்தின் ஆணித் துளையில்
ஒரு காசு வெயில் இறங்கி
குனிந்த அவர் முகத்தில் நின்றது.
சிவப்பு மூடி முடிந்திருந்தது, ஒருவழியாய்.
இத்தனை கிட்டத்தில்
இத்தனை சுத்தமாய்
அவரை நான் பார்த்து வெகுநாள்.

கருமணி நடுவில்
கஞ்சி ஆடை போல ஒரு வெள்ளை.
இரண்டிலும்.

‘எத்தன நாளா?’

‘பனின்னு நெனச்சேன்’ என்றார்.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு
ரெண்டு பேர் பஸ் காசு எடுத்துவைக்கணும்.
கங்காணியிடம் சொல்லணும்.
அதற்குள் ஐந்து நிமிஷம் தாண்டியிருக்கும்.
வெள்ளை மூடிக் குப்பியை
அவர் கையிலிருந்து வாங்கி
நானே போட்டுக்கொண்டேன்.

கன்னத்தில்தான் விழுந்தது.