லிண்டல்

கட்டி முடிந்த சுவரில்
பிறகு யன்னல் வெட்டுவதென்றால்
முதலில் முட்டுக் கொடு என்பேன்
என்னோடு வேலைக்கு வருகிற பொடியன்களுக்கு.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
எனக்கு வெட்டினவர்கள்
அதைச் சொல்லவில்லை.
சொல்லியிருப்பார்கள். மயக்கத்தில் கேட்கவில்லை.

தொப்புளுக்கு இடப்பக்கம்
நனைந்த செவ்வரத்தம் மொட்டுப்போல
சின்னதாய், சிவப்பாய்,
தொட்டால் நோகாத குடல்.
அதன்மேல் பை.
பைக்குள் நேற்றைய குரக்கன் பிட்டு.

சிஹானா மிஸ் சொன்னா:
"கேத்தலுக்கு மேலே ஒண்டும் தூக்காதீங்க,
அதுவும் அரைக் கேத்தல்."
ஐம்பது கிலோ சீமெந்தை
ஆரையம்பதியில் மூன்று மாடிக்கு ஏற்றினவன் நான்.
சிரித்தேன். சிரிக்க நொந்தது.
"சிரிக்கக்குள்ளயும் கையை வைங்க" என்றா.

விடிய ஐந்தரை.
நானே போட்ட சீமெந்துத் தரை,
நானே தேய்த்த வழுவழுப்பு.
இதன் குளிர் எப்படியென்று
இப்போதுதான் முதுகு அறிகிறது.
முழங்கால் இரண்டும் மடக்கி
மூச்சை விட்டு
தொப்புளைத் தரைக்கு இழுக்க வேணும்,
ஐந்து எண்ணும்வரை.
ரசமட்டத்துக் குமிழிபோல
உள்ளே ஏதோ நடுவுக்கு வரும்,
வந்த மாதிரி இருக்கும், நழுவும்.
லோஜினி தேத்தண்ணியோடு நின்று
"என்ன செய்யிறீங்க, ஒண்டும் அசையல்லியே" என்பாள்.
அசையாததுதான் வேலை.

வாவியில் மீன் பாடும் என்கிறார்கள்,
நாற்பத்தாறு வருசம், நான் கேட்டதில்லை.
வங்கி வரிசையில்
என் வயிறு பாடியது.
முன்னால் நின்றவர்
தன் போனை எடுத்துப் பார்த்தார்.

எழும்புவதையும் புதிதாய்ப் பழக வேண்டியிருக்கு:
நேரே நிமிரக் கூடாது,
மரக்குற்றிபோல் பக்கம் உருண்டு
முழங்கையால் தரையைத் தள்ளி,
வெட்டின இடம் விரியாமல்.
விரிந்தால் குடலிறக்கம், இன்னொரு கத்தி.
கொங்கிறீற்றுக்கு இருபத்தெட்டு நாள்
தண்ணீர் ஊற்றச் சொல்வேன்.
எனக்கு மிஸ் பன்னிரண்டு கிழமை சொன்னா.
நான் கொங்கிறீற் இல்லைத்தானே.

பதினோராம் கிழமை களுதாவளைக்குப் போனேன்,
பெல்ட் இறுக்கி,
கதிரையில் இருந்து பார்க்க மட்டும்.
துஷிகரன் யன்னல் வெட்டிக்கொண்டிருந்தான்.
முட்டுமில்லை, லிண்டலுமில்லை,
மேலே ஏழு வரிக் கல்.

கத்தினேன்.
தெருவில் போன மீன்காரர் பிரேக் பிடித்தார்.
கத்துவதற்கு முன்னமே
என் கை வயிற்றில் இருந்தது.