எலும்பு முறியாத மாதம்

யாகுத்ஸ்க். ஆற்றோர மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை.
சன்னலுக்கு மூன்று கண்ணாடி,
இடையிடையே பஞ்சு.
வெளியே மைனஸ் நாற்பத்தெட்டு.
எனக்கு இன்று வேலையில்லை.

கருங்கடல் பக்கத்து வெயிலூரிலிருந்து
புதிதாக வந்த டாக்டர் பிலத்தோனவ்
முதல் வாரமே மாவுக்கட்டுச் சுருள்
பன்னிரண்டு பெட்டி வரவழைத்தார்.
தெருவெல்லாம் பனிக்கட்டி, ஜனவரி வேறு,
ஊரே விழுந்து விழுந்து வரும் என்று கணக்கு.
வரவில்லை.
பெட்டிகள் வராந்தாவில் அடுக்கிக் கிடக்கின்றன,
மேலே பூனை.

பதிவேட்டை எடுத்துக் காட்டினேன்.
மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு,
அக்டோபரில் நாற்பத்தொன்று.
ஜனவரியில் ஆறு
(அதில் இரண்டு ஏணி, ஒன்று குதிரை).
ஏப்ரலில் பக்கம் போதாமல்
ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பள்ளியில் படித்ததைச் சொன்னார்:
கால் அழுத்துகிறது,
அழுத்தத்தில் பனி உருகுகிறது,
அந்தத் தண்ணீர் வழுக்குகிறது.

நானும் அதைத்தான் படித்தேன், டாக்டர்.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.
என் எடை எழுபத்தொன்று கிலோ,
கலைமான் தோல் பூட்ஸ் தனி.
அத்தனையும் ஏறி நின்றாலும்
உருகுநிலை இறங்குவது
ஒரு டிகிரியை ஆயிரமாக வெட்டினால்
அதில் இரண்டோ மூன்றோ துண்டு.
இந்தக் குளிருக்கு அது எந்த மூலைக்கு?

கட்டியின் உள்ளே இருக்கும் மூலக்கூறை
நாலு பேர் பிடித்திருக்கிறார்கள்.
மேல்வரிசையில் இருப்பதற்கு
மேலே யாருமில்லை, காற்றுதான்.
நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறது.
அதனால் ஆடுகிறது, உருள்கிறது, இடம் மாறுகிறது;
தண்ணீர் என்றும் சொல்ல முடியாது,
கட்டி என்றும் சத்தியம் பண்ண முடியாது.
கடுகு கொட்டிய தரையில்
கால் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

மைனஸ் ஏழு வாக்கில் இந்தக் கூத்து உச்சம்.
இன்னும் சூடேறினால்
கட்டியே இளகிக் காலைப் பிடித்துக்கொள்ளும்.
ஐம்பதை நெருங்கினால்
மேல்வரிசைக்கும் விறைப்பு வந்துவிடும்.
அப்புறம் பனி வழுக்காது, உரசும்.
ஸ்லெட்ஜ் வண்டி மணலில் இழுத்தாற்போல் முரண்டும்.

(உரசலில் பிறக்கும் சூட்டுக்கும் பங்குண்டு.
யாருக்கு எவ்வளவு பங்கு என்று
படித்தவர்களே இன்னும் பாகப்பிரிவினையில் இருக்கிறார்கள்.)

சந்தை மீன்காரி அனீஸ்யாவைப் பாருங்கள்:
ஜனவரியில், விறைத்த மீன்களை
விறகுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு
ஆற்றின் மேல் ஓடியே போகிறாள்.
அதே அனீஸ்யா அக்டோபரில்
சுவரைத் தடவித் தடவி,
ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு.

டாக்டர் கேட்டுக்கொண்டார்.
நம்பினாரா, தெரியாது.
"ஏப்ரல் வரட்டும்" என்றார்.

வந்தது.
கூரை விளிம்பில் ஊசி ஊசியாகச் சொட்டு,
பகலில் சேறு, இரவில் கண்ணாடி.
நர்ஸ் குன்னேய் தொப்பியைக் கழற்றிவிட்டு
வசந்தம் என்று அறிவித்தாள்.
மறுநாள் காலை எட்டரை மணிக்கு
இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வர
என் மேசைமேல் இடது கையை வைத்தார்
பிலத்தோனவ்.
மருத்துவமனை வாசலிலேயே விழுந்தாராம்,
கையில் பிடித்திருந்த காபிகூடச் சிந்தவில்லையாம்.

மூச்சை அடக்குங்கள் என்றேன்.
மணிக்கட்டுக்கு அது தேவையில்லை,
அவருக்கும் தெரியும்.
இருந்தாலும் அடக்கினார்.

"வெளியே எவ்வளவு?"
"மைனஸ் ஏழு."

படத்தில் கோடு மெல்லியதாக,
ஆற்றுப் பனியின் முதல் விரிசல்போல.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
நல்ல கையால் அவரே எழுதினார்:
மேல்வரிசைக்கு ஆளில்லை.

பிறகு
மாவுக்கட்டுக்காகப்
பூனையை எழுப்ப வேண்டியதாயிற்று.