தன்மை ஒருமை

ஓபர்னில் ரயில் நின்று நாற்பது வருடமாகிறது.
தண்டவாளம் கழற்றிய தடத்தில் பொடிக்கல் பரப்பி
சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள்.
ஏப்ரல், காலை ஏழு மணி. கைப்பிடியில் பனி ஈரம்.

மூன்று நாள் எவரோடும் கதைப்பதில்லை என்று வந்திருக்கிறேன்.
தங்குமிடக்காரி மார்லீனுக்குத் துண்டில் எழுதிக் கொடுத்தேன்.
தொண்டையா என்று கேட்டு
தேன் போத்தலொன்றைப் பையில் திணித்தாள்.
தொண்டைதான், ஒருவகையில்.

வாரத்தில் ஐந்து நாள், அடிலெய்டில், சன்னலில்லாத அறையில்,
காதில் கேட்பானை மாட்டிக்கொண்டு
மற்றவர்களின் 'நான்' ஆக இருப்பது என் வேலை.
'நான் போன கிழமை இரண்டு தரம் மயங்கி விழுந்தேன்.'
'நான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை.'
'எனக்கு அவரோடு வாழ விருப்பமில்லை.'
அவர் சொல்கிறார் என்று சொல்லக் கூடாது.
சொன்னவர் அழலாம், நான் கூடாது.
எனக்குப் பெயர் இல்லை, ஓர் இலக்கம் உண்டு.
வீட்டுக்கு வந்து
'நான் தேத்தண்ணி குடிக்கப் போறன்' என்றாலும்
இது யாருடைய வசனம் என்று ஒருகணம் தடுமாறும்.

வாட்டர்வேலுக்கு முன்னால் தடத்தை விட்டு
மேட்டுத் தெருவில் திரும்பினேன்.
ரயிலுக்காக வெட்டிய தடம் மெல்லச் சாயும்.
தெருவுக்கு அந்த இரக்கம் இல்லை.
இனிக் கியர் இல்லையென்று தெரிந்தும்
பெருவிரல் இன்னொன்றைத் தேடுகிறது.
முழங்கால், மூச்சு. முழங்கால், மூச்சு.
இந்த மூச்சை நான் எவருக்காகவும் விடவில்லை.

இரு பக்கமும் முந்திரிகை.
பறித்து முடித்த வரிசைகள் மஞ்சளாகிவிட்டன,
பறிக்காதவை வலைக்குள்.
தன்மை, முன்னிலை என்று படித்ததில்
இந்தச் சரிவில் எஞ்சியிருப்பது படர்க்கைதான்.
அதுவும் கம்பி பிடித்து, ஒன்றும் பேசாமல்,
படர்ந்து.

உச்சியில் ஒரு மதுச்சாலை. முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடித்தேன்.
பையன் ஒருவன் கிண்ணம் நீட்டினான்.
தேசிக்காய்த் தோல், மழை பட்ட கல்.
ஒரு மிடறு போதும் என்று சைகை காட்டினேன்,
ஏற்றம் இன்னும் இரண்டு இருக்கிறது.

இறக்கத்தில், வலை சுருட்டுகிறவர்களுக்குக் கிட்டே,
சங்கிலி கழன்றது.
குனிந்து இழுத்தேன். பல்லுக்குள் விரல்.
'ஐயோ!'

இரண்டு நாள் காத்த மௌனம் அவ்வளவுதான்.

வலையைப் போட்டுவிட்டு ஒருவன் ஓடி வந்தான்.
'அக்கா, தமிழோ? காயமோ?'
'இல்லை, ஒண்டுமில்லை. சரியாப் போச்சு.'
அவன் தலையைச் சரித்தான்,
பழைய ரேடியோவில் அலைவரிசை பிடிக்கிறவன் மாதிரி.

'நீங்க ரெலிபோனிலை கதைக்கிற ஆள்தானே?
போன வருசம், என்ரை கை ஒப்பரேசனுக்கு முதல்.
வலி பத்துக்கு எத்தனை எண்டு டொக்டர் கேட்டவர்.
நான் சும்மா எட்டு எண்டன்.
நீங்க எட்டு எண்டு சொன்ன விதத்திலைதான்
எனக்கே விளங்கினது, அது எட்டுத்தான் எண்டு.'

ஓம் என்றால் விதி மீறல்.
இல்லை என்றால் பொய்.
சைக்கிள் மணியை நெருடிக்கொண்டு நின்றேன்.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
அந்தக் கையாலேயே சங்கிலியை மாட்டினான்.
இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை,
ஆனால் அவற்றுக்கு வேலை தெரிந்திருந்தது.
பறிப்பில் தப்பிய குலையொன்றை
என் முன்கூடையில் வைத்து,
'ஜெயகோபன்' என்றான், நெஞ்சைத் தொட்டு.
அன்று நான் அவனாக இருந்தபோது
அந்தப் பெயரையும் சொல்லியிருப்பேன். ஞாபகம் இல்லை.

அடுத்த மேட்டின் பாதியில் இறங்கி உருட்டினேன்.
பட்டை உரியும் யூக்கலிப்டஸ், கீழே வெறும் தெரு.
முந்திரிகை ஒன்றைக் கடித்துக்கொண்டு
சத்தமாகவே சொன்னேன்:
'எனக்கு விரல் நோகுது. பத்துக்கு மூண்டு.'

யோசித்துப் பார்த்தால்
இரண்டாகவும் இருக்கலாம்.