பதினோரு நிமிடம்

முதல் இருபத்திரண்டு துண்டுகளுக்குப்
பதினான்கு வாரம் ஆயிற்று.
ஒவ்வொன்றும் தேங்காய்ப் பத்தை அளவு,
அதே வளைவு.
இருபத்திரண்டும் சேர்ந்தால் ஒரு வளையம்.
எங்கோ ஒரு குளிர்தேசத்தில்
பெயர் வைக்காத, எண் மட்டும் உள்ள
விமான எஞ்சினுக்குள் அது போயிற்று.

கப்பலூர் தொழிற்பேட்டை.
பக்கத்துக் கொட்டகையில் நாள்முழுக்கத் தகரம் அடிக்கிறார்கள்.
எங்கள் அளவை அறையில் மட்டும்
வருஷம் முழுக்க இருபது டிகிரி.
சித்திரையில் நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பதைச் சொன்னால்
திருமங்கலம் பஸ்ஸில் சிரிப்பார்கள்.

சோதனையின் வீடியோ வந்தது.
நாற்பது வினாடி, சத்தம் இல்லை.
முழு வேகத்தில் சுழலும் வாய்க்குள்
தண்ணீரை ஊற்றினார்கள், லாரி லாரியாய்.
ஆலங்கட்டி எறிந்தார்கள்.
செத்த கோழிகளை எறிந்தார்கள்.
"நம்ம சாமான் எங்க தெரியுது?" என்றான் இருதயராஜ்.
தெரிந்தால் எஞ்சின் உடைந்துபோச்சு என்று அர்த்தம்,
என்றேன்.

பிறகு ஒரு மெயில்.
தேறிவிட்டது. இனி மாதம் நானூறு.
தியாகராஜன் சார் லட்டும் காராச்சேவும் வாங்கி வந்தார்.
கை துடைக்கும்போதுதான் உறைத்தது:
இருபத்திரண்டை நாங்கள் பெற்று வளர்த்திருந்தோம்.
நானூறை அப்படிச் செய்ய ஆகாது.
யார் நின்றாலும், எந்த ஷிப்ட் ஆனாலும்,
காய்ச்சலோ, வீட்டில் சண்டையோ,
நூற்று முப்பத்தேழாவது
மூன்றாவதைப் போலவே இருக்க வேண்டும்.
செய்முறையை எழுதிப் பூட்ட வேண்டும்.
பூட்டியபின் மெஷினை ஒரு முழம் நகர்த்தவும்
கடிதம் போட்டுக் கேட்க வேண்டும்.

எழுத உட்கார்ந்தோம்.
வேகம், ஆழம், கத்தியின் ஆயுள்.
கடைசி வெட்டுக்கு முன்
இருதயராஜ் காதைச் சொறிந்தான்.
"இங்கதான் நான் டீ குடிக்கப் போவேன்."

இருபத்திரண்டு தடவையும் போயிருக்கிறான்.
கேட் வாசலில் சீனிச்சாமி கடை,
சர்க்கரை கம்மி, நின்றபடி ஒரு டம்ளர்.
திரும்பும்போது உலோகம் சூடு தணிந்து
தன் நிஜ அளவுக்கு இறங்கியிருக்கும்.
அவனுக்கு அது தெரியாது. எனக்கும்தான்.
கழிவுப் பெட்டியில் கிடந்த இரண்டின்
தேதியைப் பார்த்தேன்.
கொழுந்தியாள் கல்யாணத்துக்கு
சீனிச்சாமி கடை அடைத்த நாள்.

மறுநாள் கடிகாரத்தோடு பின்னாலேயே போனேன்.
நடக்க, குடிக்க, ஒரு வார்த்தை பேச, வர:
பதினோரு நிமிடம்.

தணிக்கைக்கு வந்த அம்மையார்
பக்கம் பக்கமாய்ப் புரட்டி
விரலைச் சரியாக அங்கே வைத்தார்.
ஏன் பதினொன்று? பத்து ஏன் இல்லை?
முப்பது துண்டில் எடுத்த வரைபடத்தைக் காட்டினேன்.
ஒன்பதில் ஆடுகிறது,
பதினொன்றில் அடங்குகிறது.
பொய் இல்லை.
ஷாஜிதா மட்டும் குனிந்து
தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மெஷின் தானே நிற்கிறது.
திரையில் பச்சை எண்கள் இறங்குகின்றன.
இருதயராஜுக்கு இரண்டு மெஷின்.
அந்தப் பதினோரு நிமிடத்தில்
அடுத்ததில் துண்டை மாட்டுகிறான்.
டீ பிளாஸ்கில் வருகிறது.

உற்பத்தியில் பத்தொன்பதாவதை நான் தள்ளினேன்.
நாலு மைக்ரான்.
ஒரு தலைமுடியை நீளவாக்கில் பதினாறாகப் பிளந்தால்
அதில் ஒரு கீற்று.
இரண்டு நாள் அவன் பேசவில்லை.
மூன்றாம் நாள் வந்து,
"கோழி விழுந்தா தாங்கும்ல அது?"
தாங்கலாம், என்றேன்.
சிவப்பு மையைத் துடைக்கவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம்.
தலைக்கு மேலே
பெருங்குடிக்கு இறங்கும் விமானம்,
சக்கரம் தெரிய.
பழைய எஞ்சின்.
எங்களுடையது ஏற இன்னும் ஒன்றரை வருஷம்.
இருந்தும் சத்தம் தேயும்வரை
ரெண்டு பேரும் வாய் திறக்கவில்லை.
சீனிச்சாமி கேட்காமலே
இரண்டு டம்ளர் வைத்தார்,
ஒன்றில் சர்க்கரை கம்மி.