பக்கம் 112, கோத்தகிரி கிளை நூலகம்

பதினேழு பேர் சொல்லிவைத்திருக்கும் புத்தகம்
தேயிலைத்தூள் வாசத்தோடு திரும்பி வந்தது.
‘அரசு சுருங்கச் சுருங்க மனிதன் நிமிர்வான்’
வரிக்கடியில் இரண்டு கோடு.
ஓரத்தில் பென்சில்:
சத்தியம். பட்டாவுக்குப் பதினோரு வருசமா நடக்கிறேன்.
போஜன், கெங்கரை.

அதன் கீழே நீல மை:
மண் சரிஞ்ச ராத்திரி
என் பிள்ளையைத் தோண்டி எடுத்தது யாரு,
இந்தப் புத்தகமா?
பெயரில்லை.

இன்னொரு கை, கோணல் எழுத்து:
பச்சை இலை கிலோ என்ன விலைன்னு
சொல்லிட்டுச் சண்டை போடுங்க.

அழித்துவிட வேண்டும், விதி.
ரப்பருக்குப் போஜன் போய்விட்டார்.
மை போகவில்லை.

மூன்று மாதமாய் வராத என் தினக்கூலியை
நானும் எழுதலாம்.
யார் பக்கம் எழுத?

கண்ணாடிக் கதவில் மூடுபனி.
தலையை மட்டும் நீட்டிக் கேட்கிறார் ஒருவர்,
பதினெட்டாவது ஆள்:
“அந்தப் புத்தகம் வந்திருச்சா?
தாசில்தார் ஆபீசுலேர்ந்து வர்றேன்.”