ஊறவைப்பது

வெள்ளி இரவு முப்பது சென்டிமீட்டர் என்கிறது சட்பரி ரேடியோ.
ஸ்னோபுளோவர் மூன்று முறை இருமியது.
நாலாவது இழுப்புக்கு இருமக்கூட இல்லை.

ஏப்ரலில் டாங்கை வெறுமையாக்கு என்று
துஷ்யந்தன் சொன்னான்தான்.
நான்தான் மறந்தேன்.
கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஏழு மாதப் பெட்ரோல்
பழந்தேன் நிறத்தில் இறுகிக் கிடந்தது.
நிறம் மட்டும்தான் தேன். மணம்
பெயிண்ட் கடைக்குள் ஏதோ செத்துப்போன மணம்.

கராஜ் மேசையில் தலையணை உறை விரித்துக்
கழற்றிய வரிசையிலேயே வைத்தேன்:
மிதவை, ஊசி, ரப்பர் வளையம்,
உளுந்தளவு பித்தளை ஜெட்.
விளக்குக்கு நேரே பிடித்தால்
ஜெட்டின் துளையில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும்.
தெரியவில்லை.

வினாகிரி விடு என்றாள் தங்கை தர்மினி, போனில்.
கேத்திலின் அடியில் படியும் வெள்ளை
அதில்தானே போகிறது.
போகும், அது சுண்ணாம்பு.
இது சுண்ணாம்பில்லையடி.
தவிர, அலுமினியத்தை வினாகிரி என்ன செய்யும் என்று
என் புளிக்கறிச் சட்டியைக் கேள், சொல்லும்.

மண்ணெண்ணெய் கிரீஸோடு நன்றாகப் பழகும்.
இந்த அரக்கிடம் வந்தால்
சுகம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடும்.

ஸ்பிரே டின்னில் மண்டையோடு போட்டிருந்தது.
அரக்கு கரையும், சந்தேகமில்லை.
ரப்பர் வளையமும் ஊதிப் பருத்துத்
தன் சொந்தப் பள்ளத்துக்குள் நுழைய முடியாமல் நிற்கும்.

எனக்கு வேலை பல் வைத்தியரிடம்.
வாய்களை நான் பார்ப்பதில்லை. பின்னறை.
இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்:
வெந்நீர் பட்டால் உறைந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.
சிமெந்துக்கு வேறு. மெழுகுக்கு வேறு.
பதினொரு வருடமாக அழுக்குகளை
அவற்றின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகிறேன்.

அங்கே ஒரு தொட்டி இருக்கிறது.
காதுக்கு எட்டாத ஒலியில்
சூடேற்றாமலே தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.
வியாழன் காலை ஜெட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
நாலு நிமிடம். யாருக்குத் தெரியப்போகிறது?

மூடியைத் திறந்தேன். கூடையில்
சின்னக் கண்ணாடியும் சின்னக் கொக்கியும்,
பிள்ளைகளுக்கான அளவு.
பத்து மணிக்கு ஒரு பெயர் எழுதியிருந்தது, வயது ஆறு.

அன்று முழுதும் ஜெட் என் பையில் கிடந்தது.
மத்தியானம் சாண்ட்விச் பிரிக்கும்போது
பெட்ரோல் மணத்தது.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு கராஜ் கதவை முழுதாகத் தூக்கினேன்.
மைனஸ் ஒன்பது உள்ளே வந்து உட்கார்ந்தது.
ரப்பரும் மிதவையும் சவர்க்காரத் தண்ணீருக்கு.
உலோகம் மட்டும் மண்டையோட்டுக்கு.
கிளினிக் கையுறை இரண்டு நிமிடத்தில் சுருங்கிப் பொரிய,
கழிவறை தேய்க்கும் தடித்ததை மாட்டிக்கொண்டேன்.
அரக்கு முதலில் கலங்கியது,
பிறகு தேயிலைச் சாயம்போல வழிந்தது.
துளை மட்டும் பிடிவாதம்.
பழைய இயர்போன் வயரைக் கீறி
ஒரே ஒரு செப்பு இழையை எடுத்து,
கண்ணுக்குள் தூசி எடுப்பதுபோல்
விட்டேன், திருகினேன், விட்டேன்.

புள்ளி.

போர்ட் மக்மரியிலிருந்து துஷ்யந்தன்:
புதுக் கார்புரேட்டரே முப்பத்தொன்பது டாலர்தானே?
செவ்வாய்க்கிழமை வரும், என்றேன்.
ஸ்னோ நாளைக்கு வரும்.
பிறகு அவன் சாப்பிட்டாயா என்று கேட்டான்.

வெள்ளி இரவு இரண்டாம் இழுப்பில் பிடித்தது.
முதல் புகை நீலம், அடுத்தது வெள்ளை,
அப்புறம் புகையே இல்லை.
பக்கத்து வீட்டு நாய் குரைத்துக் களைத்தது.
ஏழு மணி ஷிப்டுக்குப் பாதை கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து விளக்கணைக்கப் போனால்
தலையணை உறையில் இன்னும் ஒரு வாஷர்.
மெல்லியது. சுத்தமானது.
எங்கிருந்து கழன்றதென்று தெரியவில்லை.
மெஷின் ஓடியது.
நானும் கேட்கவில்லை.