எழுவாய்

கல்புகோவில் மழை நிற்பதில்லை,
கொஞ்சம் களைப்பாறும்.
அப்படியொரு இடைவெளியில் உள்ளே வந்தார்
எலியோடோரோ மான்சில்யா,
சால்மன் அரியும் மூன்றாம் வரிசையின் மேற்பார்வையாளர்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.
ஈர ஷூவைக் கழற்றவா வேண்டாமா என்று
வாசலிலேயே ஒரு நிமிடம்.

எங்களுக்கு ஒதுக்கியது கைகழுவப் பழக்கும் அறை.
சுவரெல்லாம் கைகள்:
விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு,
இருபது நொடி என்று எழுதிய சோப்பு நுரை.
வேறு அறை கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

ஆலை விதித்தது ஆறு அமர்வு,
அமர்வுக்கு ஐம்பது நிமிடம்.
அதுவரை அவருக்கு வேலை இல்லை, சம்பளம் உண்டு.
கடைசியில் நான் நிரப்ப ஒரு தாள்.

முதல் வாரம், வேடிக்கைக்கு என்றார்.
இரண்டாம் வாரம், குளிர் அறையில் எல்லாரும் அப்படித்தான் என்றார்.
மூன்றாம் வாரம் மகள்களின் படத்தைக் காட்டினார்;
மூத்தவள் வால்டிவியாவில் நர்ஸ் படிப்பு.
அழகாயிருக்கிறார்கள் என்ற சொல்
என் நாக்கு நுனி வரை வந்து நின்றது.
படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான்காம் வாரம் வெள்ளைத் தாள் கொடுத்து
நடந்ததை எழுதுங்கள் என்றேன்.
"கை போய்விட்டது" என்று எழுதினார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படித்தான்.
குழம்பில் உப்பு கூடினால் கை போய்விட்டது,
பிள்ளையை ஓங்கி அறைந்தால் கை போய்விட்டது.
கால் முளைத்த கை,
பனிக்கட்டித் தொட்டிகளைத் தாண்டி
யாஸ்னா ஓயார்சூனின் ஏப்ரன் முடிச்சுக்குக் கீழே
தானாய்ப் போய்ச் சேர்ந்த கை.

கை போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்
என்று கேட்டேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசையைப் பார்த்தார்.
கூரைத் தகரத்துக்கு மழை திரும்பியிருந்தது.
எழுதினார், அடித்தார், எழுதினார், அடித்தார்.
பதினேழு நிமிடம்.

"நான் என் கையை வைத்தேன்.
அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.
நான் எடுக்கவில்லை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது; ஒளிப்பானேன்.
வேலை பலித்தவளின் சந்தோஷம்.
வீட்டுக்குப் போகிற வழியில்
ரொட்டியும் ஒரு கிலோ சிப்பியும் வாங்கினேன்,
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டேன்.

ஐந்தாம் வாரம் உட்காரும் முன்பே கேட்டார்:
"அந்தத் தாளை மேனேஜரிடம் காட்டுவீர்களா?
காட்டினால் எனக்கு நல்லதா, கெட்டதா?"
கேட்டது திருந்தியவனா, கணக்குப் பார்ப்பவனா?
இருவருக்கும் ஒரே முகம்,
முழங்காலில் ஒரே ஈரத் தொப்பி.

என் தாளில் இரண்டு கட்டங்கள்:
திருந்தினார். திருந்தவில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
"தன் வாக்கியத்துக்குள் இப்போது தான் இருக்கிறார்."
ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போடவும் என்று
மறுநாளே திரும்பி வந்தது.

போட்டேன். எதில் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

யாஸ்னாவுக்கு யாரும் ஆறு அமர்வு விதிக்கவில்லை.
"இரவு ஷிப்டுக்கு மாற்றப்பட்டது" என்கிறது கோப்பு.
யார் மாற்றியது, யார் கேட்டது?
அந்த வாக்கியத்திலும் எழுவாயைக் காணோம்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்,
பிளாஸ்டிக் பையில் பூட்ஸ்.
நானாகப் பேசக்கூடாது என்பது விதி.
அவளாகத்தான் வந்தாள்.
மன்னிப்புக் கேட்டாரா, அழுதாரா, மாறிவிட்டாரா
என்று கேட்பாள் என
பதில்களை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"திங்கட்கிழமையிலிருந்து வருகிறாராமே.
நான் வெளியே வருகிற நேரம்
அவர் உள்ளே வருகிற நேரம்.
எந்த பஸ்ஸில் வருவார்?" என்றாள்.

ஆறு வாரம். முந்நூறு நிமிடம்.
அதை நான் கேட்டிருக்கவே இல்லை.